நிலாவின் பள்ளங்களை வாசிப்பது எப்படி? விளிம்பிலிருந்து கதிர்க்கோடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தொலைநோக்கி கைக்கு வந்த அன்று பௌர்ணமி. 70 மி.மீ. லென்ஸ், கொஞ்சம் ஆடும் முக்காலி. நிலாவை நோக்கித் திருப்பினால் கண் கூசியதுதான் மிச்சம். படங்களில் பார்த்த பள்ளங்கள் ஒன்றையும் காணோம். வெள்ளையடித்த சுவரில் ஈரம் பரவியது போல மங்கலான திட்டுகள் மட்டும் தெரிந்தன. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் விழிப்பு வந்து பாதி நிலாவைப் பார்த்தபோது, அதே லென்ஸில் நூற்றுக்கணக்கான பள்ளங்கள், விளிம்பும் நிழலுமாக! தொலைநோக்கியில் குறையே இல்லை. பார்த்த நாள்தான் தவறு.

அதனால் நாள் பார்ப்பதிலிருந்தே தொடங்குவோம். தொலைநோக்கி இல்லாதவர்கள் நிலாவைச் சுற்றிவரும் விண்கலங்கள் எடுத்த படங்களை வைத்தும் இதே வரிசையில் போகலாம்.

படி 1: நாள் பாருங்கள்

நிலாவில் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை அந்திக்கோடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டருகே சூரியன் அடிவானத்தில் இருக்கும். தாழ்வான வெயிலில் சின்ன மேடுகூட நீண்ட நிழல் போடும். பௌர்ணமியன்று வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து அடிப்பதால் நிழல்கள் மேடுகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்கின்றன. எனவே பள்ளத்தைப் பார்க்க வேண்டிய இடம் எப்போதும் அந்திக்கோட்டை ஒட்டித்தான்.

இதற்குத் திதி ரொம்ப வசதி. ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி விலகல். அந்திக்கோடும் நிலாவின் மேல் அதே 12 டிகிரிதான் நகர்கிறது. வளர்பிறைச் சதுர்த்தியில் மெஸ்ஸியர் பள்ளத்தில் பொழுது விடியும். சஷ்டியில் தியோஃபிலஸ். அஷ்டமியில் டாலமியஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கல் மூன்றும் வரிசையாக. நவமியில் டைக்கோவும் கிளாவியஸும். தசமியில் கோப்பர்நிக்கஸ். நிலா லேசாகத் தலையாட்டுவதால் பல மணி நேரம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

அந்திக்கோடு நிலாவின் நடுக்கோட்டருகே மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. நகர்கிறது. நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தால் நிழல் மாறியிருப்பது தெரியும்.

படி 2: வெயில் எந்தப் பக்கம்?

இதை முதலில் தீர்மானிக்காவிட்டால் பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது; படம் தலைகீழாக இருந்தால் குழி குன்றாகிவிடுகிறது. பல தொலைநோக்கிகள் படத்தைப் புரட்டியோ கவிழ்த்தோ காட்டுபவை என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

ஒரு சுலபமான விதி: பள்ளத்தில் சூரியன் இருக்கும் பக்கத்துச் சுவர் இருட்டாகவும் எதிர்ச்சுவர் பளிச்சென்றும் இருக்கும். மலையில் இது அப்படியே மாறும். வளர்பிறையில் வெயில் நிலாவின் கிழக்கிலிருந்து வருவதால் பள்ளத்தின் கிழக்குச் சுவர் கறுத்து, மேற்குச் சுவர் மின்னும்.

கொஞ்சம் நில்லுங்கள்: அங்கே நடந்தது என்ன?

உறுப்புகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ஒரு பள்ளத்தின் ஒவ்வொரு உறுப்பும் சில நிமிடங்களில் நடந்து முடிந்த ஒரு சம்பவத்தின் ஏதோ ஒரு நொடியில் அப்படியே நின்றுபோனதுதான். எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்தால் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விண்கல் நொடிக்கு 20 கி.மீ. என்ற கணக்கில் வந்து மோதுகிறது. அந்த வேகத்தில் ஒரு கிலோ கல்லிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 50 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அதாவது கல் மண்ணைக் குத்தித் தோண்டுவதில்லை. தொட்ட மறுகணம் நொறுங்கி, உருகி, ஆவியாகிறது. அங்கிருந்து அதிர்வலை எல்லாப் பக்கமும் விரிகிறது. அந்த அலைதான் பாறையை அள்ளி வெளியே வீசுகிறது. கடைசியில், தோண்டப்பட்ட குழி தன் எடையைத் தாங்க முடியாமல் சரிகிறது. அழுத்தம், அகழ்வு, சரிவு என்று மூன்று கட்டம்.

பள்ளங்கள் ஏன் வட்டமாக இருக்கின்றன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. 1890களில் கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் இவை மோதலால் வந்தவை என்று வாதிட்டார். ஆனால் சாய்வாக விழும் கல் நீள்வட்டக் குழியைத்தானே உண்டாக்கும் என்ற கேள்வி அவரைப் படாதபாடு படுத்தியது. குழியை உண்டாக்குவது கல்லின் பாதை இல்லை, வெடிப்பு என்பது பிற்பாடுதான் தெளிவானது. மிக மிகச் சாய்வாக, தரையை உரசிக்கொண்டு வரும் கல் மட்டுமே நீண்ட பள்ளத்தை விட்டுச் செல்லும். சதுர்த்தியன்று தெரியும் மெஸ்ஸியர் அப்படிப்பட்டது. முட்டை வடிவம்; பக்கத்திலேயே மெஸ்ஸியர் ஏ; அதிலிருந்து மேற்கே வால்மீனின் வால் போல இரண்டு வெள்ளைக் கோடுகள். சின்னத் தொலைநோக்கியிலேயே கோடுகள் நன்றாகத் தெரியும்.

படி 3: அளவை வைத்து இனம் பிரியுங்கள்

நிலாவில் 15 முதல் 20 கி.மீ. வரையிலான அகலம் ஒரு எல்லை. அதற்குக் கீழே இருப்பவை எளிய கிண்ணங்கள்: வழவழப்பான சுவர், நடுவில் ஒன்றும் கிடையாது, ஆழம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போலோ 11 இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் மோல்ட்கே நல்ல உதாரணம். 6.5 கி.மீ. அகலம், 1.3 கி.மீ. ஆழம்.

எல்லையைத் தாண்டினால் சுவரில் படிப்படியாக இறங்கும் படித்தட்டுகள், தட்டையான தளம், நடுச்சிகரம் எல்லாம் வந்துவிடும். ஆழம் மட்டும் அகலத்துக்கு ஈடாகக் கூடுவதில்லை. கோப்பர்நிக்கஸ் 93 கி.மீ. அகலம், ஆனால் 3.8 கி.மீ.தான் ஆழம். அதை 25 செ.மீ. தட்டாகச் சுருக்கினால் நடுவில் ஆழம் ஒரு செ.மீ. மட்டுமே. கிணறு என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள், அது சாப்பாட்டுத் தட்டு. நீண்ட நிழல்கள்தான் அதைப் பாதாளம் மாதிரி காட்டுகின்றன.

பூமியில் இந்த எல்லை 2 முதல் 4 கி.மீ.யிலேயே வந்துவிடுகிறது. ஈர்ப்பு ஆறு மடங்கு அதிகம் என்பதால் குழி சீக்கிரமே சரிந்துவிடுகிறது.

இன்னும் பெரியவற்றில் சிகரத்துக்குப் பதில் மலை வளையம் இருக்கும். நிலாவின் மறுபக்கத்தில், தென்முனையருகே உள்ள ஷ்ரோடிங்கர் அந்த வகை. அதற்கும் மேலே, 930 கி.மீ. அகலமுள்ள ஓரியன்டாலே போல வளையத்துக்குள் வளையம். இவை இரண்டுமே வீட்டுத் தொலைநோக்கியில் சரியாகப் பார்க்க முடியாத இடத்தில் இருப்பதால் படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: விளிம்பு

விளிம்பு சுற்றியுள்ள தரையைவிட உயரமானது. அடியிலிருந்து நெட்டித் தள்ளப்பட்ட பாறை பாதி. மேலே வந்து விழுந்த மண் மீதி. அந்த மண் விழும் முறைதான் அழகு. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிப் போட்டது போல, அடுக்குகள் தலைகீழாக விழுகின்றன. ஆழத்தில் இருந்த பாறை கடைசியாகக் கிளம்பி, விளிம்பிலேயே, எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும்.

1971 பிப்ரவரியில் அப்போலோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன் பள்ளத்தின் மேல் ஏறியது இதற்காகத்தான். தோண்டாமலே ஆழத்துப் பாறை கிடைக்கும். மூச்சு வாங்க ஏறினார்கள், ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் இன்னொரு மேடு. 300 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு குழி கண்ணில் படவே இல்லை. நேரமாகிவிட்டதால் பாறைகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து விளிம்பு ஏறக்குறைய 30 மீட்டர்தான் என்று பிறகு தெரியவந்தது. மேலிருந்து பார்க்கும் நமக்குக் கத்தியால் கீறியது போலத் தெரியும் விளிம்பு, கிட்டப் போனால் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது.

தொலைநோக்கியில் பார்க்க வேண்டியது, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, எங்காவது உடைந்திருக்கிறதா என்பதை. குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வயதைக் கணிக்கும்போது தேவைப்படும்.

படி 5: சுவரும் படித்தட்டுகளும்

தசமியன்று கோப்பர்நிக்கஸை 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் படும் மேற்குச் சுவரில் வெள்ளையும் கறுப்புமாக மெல்லிய வளைகோடுகள், குளத்துப் படிக்கட்டு போல. ஈர மணலில் குழி தோண்டினால் கரை துண்டு துண்டாக உட்கார்ந்து இறங்குமே, அதேதான். இங்கே இறங்கியவை பல கி.மீ. நீளமுள்ள பாறைத் துண்டுகள். இந்தச் சரிவினால் பள்ளம் அகலமாகிறது, ஆழம் குறைகிறது. படி 3இல் சொன்ன தட்டு உருவானது இப்படித்தான்.

படி 6: தளம்

மூன்று கேள்வி போதும். கரடுமுரடா, வழவழப்பா, கறுப்பா?

கரடுமுரடு என்றால் சரிந்து விழுந்த பாறையும் உடைசலும். வழவழப்பு என்றால் மோதலில் உருகிய பாறை குட்டையாகத் தேங்கி உறைந்திருக்கிறது. கோப்பர்நிக்கஸில் இரண்டும் உண்டு. தென்பாதி மேடுபள்ளம், வடபாதி சற்றுச் சமதளம். கறுப்பு என்றால் வேறு கதை. பள்ளம் உண்டாகி நெடுங்காலம் கழித்து எரிமலைக் குழம்பு உள்ளே புகுந்து நிரப்பியிருக்கிறது. 101 கி.மீ. அகலமுள்ள பிளாட்டோவைப் பாருங்கள், மை ஊற்றிய தட்டு. நடுச்சிகரம் இருந்தே ஆக வேண்டிய அளவு, ஆனால் காணோம். குழம்புக்கு அடியில் புதைந்துவிட்டது. நிலாவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் வார்கென்டின் இன்னும் ஒரு படி மேல். விளிம்புவரை நிரம்பி, பள்ளமாக இல்லாமல் மேடையாக நிற்கிறது!

தென்முனையருகே சில பள்ளங்களின் தளத்தை வெயில் தொட்டதே இல்லை. ஷாக்கிள்டன் அப்படி ஒன்று, 21 கி.மீ. அகலம், 4 கி.மீ.க்கு மேல் ஆழம். அதே பகுதியிலுள்ள கேபியஸில் 2009 அக்டோபர் 9 அன்று நாசா ஒரு காலி ராக்கெட்டை வேண்டுமென்றே மோதவிட்டது. எழும்பிய தூசியில் நீர் இருந்தது.

படி 7: நடுச்சிகரம்

எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான். பொழுது விடியும் பள்ளத்தில் தளம் முழுக்க இருட்டாக இருக்கும்போது, நடுவில் ஒரே ஒரு புள்ளி நட்சத்திரம் போல மினுங்கும். அரை மணி நேரம் பொறுத்தால் அது பெரிதாகும். பக்கத்தில் இன்னொரு புள்ளி முளைக்கும். சிகரத்தின் உச்சியில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிகரங்களைப் பார்த்துத்தான் நிலாப் பள்ளங்கள் எரிமலை வாய்கள் என்று பலர் வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் இது எழும்பல். தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தால் குழி விழுந்து, உடனே நடுவில் ஒரு கம்பம் எழும்பும் இல்லையா? பெரிய மோதலில் பாறையும் சில நிமிடங்களுக்குக் குழைவானதைப் போல நடந்துகொள்கிறது. அழுத்தப்பட்ட அடித்தளம் மேலே எம்புகிறது. தண்ணீர்க் கம்பம் திரும்ப விழுந்துவிடும், பாறை பாதியில் இறுகி நின்றுவிடும்.

ஆகவே சிகரத்தில் இருப்பது பல கி.மீ. ஆழத்துப் பாறை. விளிம்பில் கிடப்பதைவிட ஆழமானது. 1982இல் கோப்பர்நிக்கஸ் சிகரத்தின் ஒளியை ஆராய்ந்தபோது, சுவரில் காணாத ஒலிவின் கனிமம் சிகரத்தில் இருப்பது தெரிந்தது. டைக்கோவின் சிகரம் தளத்திலிருந்து ஏறக்குறைய 2 கி.மீ. உயரம். அதன் உச்சியில் 120 மீட்டர் அகலத்தில் ஒரு பாறாங்கல் உட்கார்ந்திருப்பதை, நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் லூனார் ரிகன்னசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் 2011இல் படமெடுத்தது. அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று யோசித்தால் தூக்கம் போய்விடும்.

தட்டில் மாவைப் பரப்பி, கோலிக்குண்டு போட்டுப் பள்ளம் காட்டும் சோதனை பிரபலம். சிதறலும், பள்ளத்திலிருந்து நாலாப்பக்கமும் ஓடும் வெளிர்நிறக் கதிர்க்கோடும் நன்றாக வரும். படித்தட்டும் நடுச்சிகரமும் எத்தனை முறை போட்டாலும் வராது. வேகமும் அளவும் போதாது.

படி 8: பள்ளத்துக்கு வெளியே

பெரும்பாலானோர் விளிம்போடு நிறுத்திவிடுகிறார்கள். பாதிக் கதை வெளியில்தான் கிடக்கிறது.

விளிம்பை ஒட்டி, ஏறக்குறைய பள்ளத்தின் ஆர அளவு தூரத்துக்கு, வீசியெறியப்பட்ட மண் போர்வையாக மூடியிருக்கும். மேடும் பள்ளமுமாக, வெளிநோக்கிய வரிகளோடு தெரியும். அதைத் தாண்டினால் போர்வை கிழிந்து துண்டுகளாகிறது. பெரிய பாறைகள் விழுந்த இடத்தில் குட்டிப் பள்ளங்கள். இவை விண்ணிலிருந்து நேரே வந்தவை இல்லை. மெதுவாக, சாய்வாக வந்து விழுந்தவை. அதனால் ஆழம் குறைந்து, கோணலாக, மணி கோத்தது போல வரிசையாக இருக்கும்.

இதைப் பார்க்க ஒரு குறிப்பிட்ட இடம் சொல்கிறேன். கோப்பர்நிக்கஸுக்கும் அதன் வடகிழக்கே உள்ள எரட்டோஸ்தனிஸுக்கும் நடுவில் ஸ்டேடியஸ் என்ற புதைந்துபோன பள்ளம் இருக்கிறது. மங்கிய வளையம் மட்டும் மிச்சம். அதன்மேலும் சுற்றிலும் ஊசியால் குத்தியது போலக் குட்டிப் பள்ளங்கள். கோப்பர்நிக்கஸ் எறிந்த கற்கள்தான் காரணம். 70 மி.மீ. லென்ஸில் சில மட்டும் தெரியும், 150 மி.மீ. இருந்தால் எண்ணி முடியாது.

கடைசியாகக் கதிர்க்கோடுகள். இவற்றுக்கு உயரமே கிடையாது என்று சொல்லலாம், வெறும் நிற வேறுபாடு. அதனால் இவற்றுக்கு மட்டும் பௌர்ணமிதான் சரியான நாள். 85 கி.மீ. டைக்கோவிலிருந்து கிளம்பும் கோடுகள் 1,500 கி.மீ. வரை ஓடுகின்றன. நான் அன்று கண் கூசி விட்டுவிட்ட பௌர்ணமியில், அவை கண்ணுக்கெதிரே இருந்திருக்கின்றன.

படி 9: எது மூத்தது?

முதல் விதி எளிது: எது எதன்மேல் ஏறியிருக்கிறதோ அது இளையது. தியோஃபிலஸ் பக்கத்திலுள்ள சிரிலஸின் சுவரை வெட்டிக்கொண்டு நிற்கிறது, ஆக தியோஃபிலஸ் தம்பி. கிளாவியஸ் தளத்தில் பெரியதிலிருந்து சிறியதாக வில் போல வரிசையாக இருக்கும் பள்ளங்கள் எல்லாம் கிளாவியஸுக்குப் பின் வந்தவை.

இரண்டாவது விதி கதிர்க்கோடு. சூரியக்காற்றும் தூசி மோதல்களும் வெள்ளை மண்ணை மெல்ல மெல்லக் கறுக்க வைக்கின்றன. கோடுகள் அழிய ஏறக்குறைய 100 கோடி ஆண்டு ஆகும். கோப்பர்நிக்கஸையும் எரட்டோஸ்தனிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசமியன்று இரண்டுமே கம்பீரம். படித்தட்டு, சிகரம் எல்லாம் உண்டு. பௌர்ணமியன்று கோப்பர்நிக்கஸ் வெண்மையாக ஒளிரும். எரட்டோஸ்தனிஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கோடுகள் அழிந்து, மேலே கோப்பர்நிக்கஸின் தூசியும் படிந்துவிட்டது. நிலாவின் கால அட்டவணையில் கடைசி இரண்டு யுகங்களுக்கு இந்த இரண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எண்கள் வந்தது கையில் கிடைத்த மண்ணிலிருந்து. கோப்பர்நிக்கஸின் ஒரு கதிர்க்கோட்டின் மேல் இறங்கிய அப்போலோ 12 கொண்டுவந்த மண்ணை வைத்து அதன் வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு என்று கணித்தார்கள். அப்போலோ 17 இறங்கிய பள்ளத்தாக்கில் டைக்கோ எறிந்த கற்கள் விழுந்ததாகக் கருதி, டைக்கோவுக்கு 11 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள்.

புதுசும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2013 மார்ச் 17 அன்று ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு கல் நிலாவில் மோதிய மின்னல் பூமியிலிருந்தே பதிவானது. பிறகு அந்த இடத்தில் 18 மீட்டர் அகலத்தில் புத்தம்புதுப் பள்ளம் இருந்தது. 2023இல் சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி 4 மீட்டர் பள்ளம் ஒன்றின் முன் நின்று வழியை மாற்றிக்கொண்டது. அதுவும் இதே குடும்பத்து ஆள்தான்.

படி 10: நிழலை வைத்து ஆழம் அளக்கலாம்

பேனா எடுங்கள். கோப்பர்நிக்கஸ் 20 டிகிரி மேற்கில் இருக்கிறது. அந்திக்கோடு 30 டிகிரி மேற்கில் நிற்கும் நேரத்தில் அங்கே சூரியன் ஏறக்குறைய 10 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து, கிழக்கு விளிம்பிலிருந்து நிழலின் நுனிவரை அளவுகோலால் அளந்து, பள்ளத்தின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும், 93 கி.மீ.யில் அது 21 அல்லது 22 கி.மீ. இதை 10 டிகிரியின் டேன்ஜென்ட் 0.176ஆல் பெருக்கினால் 3.8 கி.மீ. கைபேசியைக் கண்ணருகே பிடித்து எடுத்த படமே இதற்குப் போதும். கலிலியோ 1610இல் நிலா மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்திக்கோட்டருகே ஒளிரும் முனைகளையும் வடிவியலையும் வைத்துத்தான்.

என் முதல் அளவு 5 கி.மீ. என்று வந்தது. நிழல் நுனி என்று நினைத்து நான் அளந்தது ஒரு படித்தட்டின் விளிம்பை. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இன்னொரு படத்தில் நிழல் சுருங்கியிருந்தது, படித்தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் எப்போதும் இரண்டு படம் எடுங்கள்.